குதிரைப் போர்வையும் வண்டிக்காரனின் குளிரும்

குதிரையைக் குளிரிலிருந்து காப்பது அன்பும் அறிவும் சார்ந்த செயலாகவே பொதுவாகக் கருதப்படுகின்றது. எனினும், வாடகைக் குதிரை வண்டிகள் மலிந்திருந்த பத்தொன்பதாம் நூற்றாண்டு இலண்டனை நோக்கும்போது, இவ்விரண்டினும் வலியதொரு காரணி புலனாகின்றது. வண்டிக்காரனின் நேரம் எவருக்கு உரியது என்பதே அது.

குதிரையின் தோலியல்பை முதலில் மனங்கொள்ள வேண்டும். மாரிகாலத்தில் அடர்ந்து வளரும் உரோமம் சிலிர்த்து நின்று தன்னிடையே காற்றைத் தேக்குகின்றது. அக்காற்றே உடற்சூட்டைக் காப்பது. தோலிற் சுரக்கும் நெய்ப்பசை மழைநீரை ஓரளவு வழிந்தோடச் செய்கின்றது. ஆனால், கடுமையாக ஓடிய குதிரை வியர்த்து நனைந்ததும் உரோமம் படிந்து அக்காப்பு குன்றிவிடுகின்றது. அந்நிலையில் அதனை மெல்ல நடத்தி, வைக்கோலால் தேய்த்து உலர்த்தி, கம்பளி போர்த்தல் வேண்டும். உரோமத்தைக் கத்தரித்துவிட்டால் வியர்வை குறையும்; உடல் விரைவில் உலரும்; கூடுதல் வேலை வாங்கலாம். ஆயின், இயற்கை அளித்த ஆடையை இழந்த விலங்கு மனிதன் இடும் போர்வையையே நம்பி நிற்க நேரிடுகின்றது. இப்பராமரிப்பு அனைத்துக்கும் வேண்டுவது நேரம்.

1877 இல் வெளிவந்த அன்னா சியூவெலின் ‘பிளாக் பியூட்டி’ இதற்குத் தக்க சான்றாகும். குதிரையே தன் கதையைக் கூறும் அந்நாவலில் இரண்டு இரவுகள் ஒப்புநோக்கத்தக்கன. முதலாவது, நாட்டுப்புற நிலவுடைமையாளர் ஒருவரின் இலாயத்தில் நிகழ்வது. மருத்துவருக்காக ஓடிக் களைத்த குதிரைக்கு ஜோ கிறீன் என்னும் சிறுவன் போர்வை இடாது குளிர்ந்த நீரைக் கொடுக்கின்றான். குதிரை கடும் நுரையீரல் அழற்சிக்கு உள்ளாகின்றது. இங்கு குறை அறியாமையே. அது கல்வியால் நீங்கக்கூடியது.

இரண்டாவது, இலண்டனில் ஒரு புத்தாண்டு இரவு. வண்டிக்காரன் ஜெரி பாக்கர் குதிரை வளர்ப்பில் தேர்ந்தவன். பதினொரு மணிக்கு வரும்படி பணித்த கனவான்கள் இருவர் சீட்டாட்டம் முடித்து ஒன்றேகால் மணிக்கே வெளிவருகின்றனர். பனியும் மழையும் கலந்து வீசும் வேளையில், ஜெரி குதிரையின் கழுத்தைப் போர்வையால் மூடிவிட்டு, இருமியவாறே காத்திருக்கின்றான். வீடு திரும்பியதும் அதன் உடலைத் தேய்த்துவிடுகின்றான். மறுநாள் அவனே மார்ச்சளி நோயிற் படுக்கின்றான். அறிவும் அன்பும் அவனிடம் குறைவின்றி இருந்தன. இல்லாதிருந்தது தன் நேரத்தின்மீதான உரிமையே. காத்திருந்த நேரத்துக்குக் கட்டணம் உண்டு. நைந்த நுரையீரலுக்கு இல்லை.

1822 ஆம் ஆண்டிலேயே குதிரை முதலான விலங்குகளைக் கொடுமைப்படுத்துவது ஆங்கிலச் சட்டத்தால் தண்டனைக்குரியதாயிற்று. இது முற்போக்கான நடவடிக்கை என்பதில் ஐயமில்லை. ஆயினும், சவுக்கடியைக் காண்பது போல வாடகைக் கணக்கைச் சட்டம் எளிதிற் காண்பதில்லை. அந்நாவலில் வரும் சாம் என்ற சாரதி, ஒரு வண்டிக்கும் இரு குதிரைகளுக்கும் நாளொன்றுக்கு 18 சிலிங் செலுத்திய பின்னரே தனக்கென ஒரு பென்னியேனும் ஈட்ட இயலும். குதிரையை ஆறவிடும் ஒவ்வொரு நிமிடமும் அவன் குடும்பத்தின் உணவிலிருந்து கழிவதாகும். உடைமையாளனின் அழுத்தம் சாரதியின் கைவழியே குதிரையின் தோலைச் சென்றடைகின்றது.

சியூவெல் இவ்வுறவைக் கூர்மையாகக் கண்டவர். ஆனால், அவர் காட்டும் தீர்வு தனிமனிதக் கருணையாகவே அமைகின்றது. ஜெரியின் மனைவி முன்னர் பணிபுரிந்த சீமாட்டி அவனுக்கு நாட்டுப்புறத்தில் வேலை அளிக்கின்றார். ஜெரி பிழைத்துக்கொள்கின்றான், குதிரையோ விற்கப்பட்டு, பின்னர் ஸ்கின்னர் என்னும் ஈரமற்ற வண்டி உடைமையாளனின் கைக்குப் போய்ச்சேருகின்றது. அக்கருணை ஒரு குடும்பத்தைக் காத்தது மெய்யே. வண்டித் தரிப்பிடத்தில் நின்ற ஏனையோரின் குளிரும், அவர்தம் குதிரைகளின் குளிரும் முன்போலவே தொடர்ந்தன. ஆசிரியர் காட்டிய தீர்வினும் அவர் தீட்டிய சித்திரமே கூடுதலான உண்மையைக் கூறுகின்றது எனலாம்.