உதவி இயக்குநர் (தமிழ்த் திரைத்துறை)

உதவி இயக்குநர் என்பவர், கதை விவாதம் தொடங்கிய நாளிலிருந்து படம் திரைக்கு வரும் நாள் வரை இயக்குநருக்குக் கீழிருந்து வேலை பார்ப்பவர். தமிழ்த் திரைத்துறையில் இந்த வேலைதான் இயக்கத்துக்கான படிப்பாகவும் இருந்துவருகிறது. யாராவது ஒருவரிடம் சேர்வது, சில படங்கள் வேலை செய்வது, பிறகு சொந்தக் கதையோடு தயாரிப்பாளரைத் தேடிப் போவது: தமிழில் படம் இயக்கியவர்களில் பெரும்பாலோர் இந்த வழியாகவே வந்தார்கள்.

தொடக்க காலத்தில் தொழிலை வெளியில் போய்க் கற்றுவர வேண்டியிருந்தது. தென்னிந்தியாவின் முதல் கதைப்படமான 'கீசக வதம்' எடுத்த ஆர். நடராஜ முதலியார், புனேயில் ஸ்டூவர்ட் ஸ்மித் என்ற ஆங்கிலேயரிடம் கேமராவைக் கையாளப் பழகியவர். 'சதிலீலாவதி' (1936) படத்தை இயக்கிய எல்லிஸ் ஆர். டங்கன், தென் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் திரைப்படம் படித்த அமெரிக்கர். தமிழ் தெரியாமலே தமிழ்ப் படங்களை இயக்கினார். பின்னர் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் போன்ற ஸ்டூடியோக்கள் வளர்ந்தபோது, மாதச் சம்பளத்துக்கு வேலை பார்த்துக்கொண்டே தொழில் பழகும் நிலை உருவானது. ஸ்டூடியோக்கள் தளர்ந்து படப்பிடிப்பு வெளிப்புறங்களுக்கு நகர்ந்த 1970களுக்குப் பிறகு, அவை இருந்த இடத்தைத் தனித்தனி இயக்குநர்கள் பிடித்தார்கள். ஒவ்வொருவரின் அலுவலகமும் ஒரு பள்ளிக்கூடமாயிற்று.

குரு வழி

இந்தத் தொடர்ச்சி எவ்வளவு நீளமானது என்பதற்கு ஒரே ஒரு வரிசை போதும். 'வீரபாண்டிய கட்டபொம்மன்' (1959) இயக்கிய பி. ஆர். பந்துலுவிடம் வேலை பார்த்தவர் கன்னட இயக்குநர் புட்டண்ணா கணகால். அவரிடம் பாரதிராஜா, பாரதிராஜாவிடம் கே. பாக்யராஜ், பாக்யராஜிடம் பார்த்திபன், பார்த்திபனிடம் விக்ரமன், விக்ரமனிடம் கே. எஸ். ரவிக்குமார், ரவிக்குமாரிடம் சேரன். எட்டுத் தலைமுறை. இவர்களில் எந்த இருவரின் படங்களும் ஒன்றுபோல் இருக்காது என்பதைக் கவனிக்க வேண்டும். சீடருக்குக் கைமாறியது குருவின் பாணி அல்ல. காட்சியைத் துண்டுகளாகப் பிரிக்கும் விதம், நடிகரிடம் பேசும் விதம், நூறு பேர் காத்திருக்கும் இடத்தில் முடிவெடுக்கும் துணிச்சல் இவையே.

இயக்குநர் பாலு மகேந்திரா இந்த முறைக்குள் வாசிப்பைக் கொண்டுவந்தார். மட்டக்களப்பை அடுத்த அமிர்தகழியில் பிறந்து, புனே திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு படித்தவர் அவர். சிறுகதைகளைப் படிப்பதும் அவற்றைக் காட்சியாக யோசிப்பதும் அவரிடம் இருந்தவர்களின் அன்றாட வேலைகள். சிறுகதைகளைக் கொண்டு அவர் தொலைக்காட்சிக்கு எடுத்த 'கதை நேரம்' வெற்றிமாறனுக்குப் பயிற்சிக் களமாயிற்று. பாலா, ராம் ஆகியோரும் பாலு மகேந்திராவிடமிருந்து வந்தவர்கள்தான். பிற்காலத்தில் 'சினிமா பட்டறை' என்ற பயிற்சிப் பள்ளியையும் பாலு மகேந்திரா தொடங்கினார்.

வேலை

புதிதாகச் சேர்பவர் கையில் பெரும்பாலும் முதலில் தரப்படுவது கிளாப் பலகை. காட்சி எண், ஷாட் எண், டேக் எண் ஆகியவற்றை எழுதி, கேமரா ஓடத் தொடங்கியதும் உரக்கச் சொல்லி, கட்டையைத் தட்டிவிட்டுச் சட்டகத்துக்கு வெளியே ஓடிவிட வேண்டும். கட்டை மூடும் பிம்பத்தையும் அந்தத் தட்டல் ஓசையையும் பொருத்தித்தான் படத்தொகுப்பாளர் படத்தையும் ஒலியையும் இணைக்கிறார். தொடக்கத்தில் தட்ட முடியாமல் போனால், ஷாட் முடிவில் பலகையைத் தலைகீழாகப் பிடித்துத் தட்டுவார்கள். அது இறுதிக் கிளாப் என்று படத்தொகுப்பு அறையில் புரிந்துகொள்வார்கள்.

அடுத்தது கன்டினியூட்டி, அதாவது காட்சிகளின் தொடர்ச்சி பிசகாமல் பார்த்துக்கொள்வது. ஒரு வீட்டுக்குள் நுழையும் காட்சியின் வெளிப்பகுதியைக் காரைக்குடியிலும், உட்பகுதியைச் சில வாரங்கள் கழித்துச் சென்னை அரங்கிலும் எடுப்பார்கள். நாயகன் பையை எந்தத் தோளில் போட்டிருந்தான், சட்டையில் எத்தனை பொத்தான் திறந்திருந்தது, நெற்றி விபூதி எவ்வளவு கலைந்திருந்தது என்பதையெல்லாம் குறித்துவைத்திருப்பவர் உதவி இயக்குநர்தான். இப்போது கைபேசியில் படம் பிடித்து வைத்துக்கொள்கிறார்கள். முன்பு எல்லாம் நோட்டுப் புத்தகமும் ஞாபகமும்தான். இந்தக் கவனத்தைப் பழக இதைவிடச் சிறந்த பாடத்திட்டம் எதுவும் இல்லை. இவற்றோடு வசனம் எடுத்துக்கொடுப்பது, துணை நடிகர்களை நிறுத்துவது, டப்பிங்கில் உடனிருப்பது ஆகிய வேலைகளும் உண்டு. அனுபவம் கூடக்கூட அசோசியேட், கோ-டைரக்டர் என்று பொறுப்பு உயரும்.

கல்லூரி வழி

சென்னை தரமணியில் உள்ள எம்.ஜி.ஆர். அரசு திரைப்படம் மற்றும் தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனம், 1945இல் மத்திய பாலிடெக்னிக்கின் ஒரு பிரிவாகத் தொடங்கியது. ஒளிப்பதிவையும் ஒலிப்பதிவையும் முறையாகக் கற்பிப்பதே அதன் முதல் பலம். ஒளிப்பதிவாளர் பி. சி. ஸ்ரீராம் அங்கு படித்தவர். அவரிடம் உதவியாளராக இருந்த ஜீவாவும் கே. வி. ஆனந்தும் ஒளிப்பதிவிலிருந்து இயக்கத்துக்கு வந்தார்கள். கல்லூரியில் படித்தவர்களால் பெரிய படம் எடுக்க முடியாது என்ற பேச்சை உடைத்தது 'ஊமை விழிகள்' (1986). ஆபாவாணனும் அரவிந்தராஜும் தங்கள் கல்லூரி நண்பர்களோடு சேர்ந்து உருவாக்கிய அந்தப் படத்தின் வெற்றி, அடுத்து வந்த மாணவர்களுக்குக் கதவைத் திறந்தது.

இரண்டு வழியிலும் வராதவர்களும் உண்டு. மேலாண்மை படித்த மணிரத்னம் யாரிடமும் உதவியாளராக இல்லாமல் 1983இல் 'பல்லவி அனுபல்லவி' என்ற கன்னடப் படத்தோடு தொடங்கினார். டிஜிட்டல் கேமரா கைக்கு எட்டிய பிறகு, கலைஞர் தொலைக்காட்சியின் 'நாளைய இயக்குநர்' நிகழ்ச்சியில் குறும்படம் எடுத்த கார்த்திக் சுப்புராஜ், நலன் குமரசாமி போன்றோர் நேரடியாகப் படம் இயக்கினார்கள்.

குறைகள்

உதவி இயக்குநர் முறையின் பெரிய குறை கூலி. பலருக்குச் சம்பளம் சொற்பம், அதுவும் படம் நடக்கும்போதுதான். படம் நின்றால் வருமானமும் நின்றுவிடும். சாலிகிராமத்திலும் வளசரவாக்கத்திலும் அறையைப் பலரோடு பகிர்ந்து வருடக்கணக்கில் காத்திருப்பவர்கள் ஏராளம். வீட்டில் பணம் எதிர்பார்க்கும் நிலையிலுள்ள இளைஞருக்கு இந்தக் காத்திருப்பு கட்டுப்படியாகாது. பெண்களுக்கு வாய்ப்பு இன்னும் குறைவு. மணிரத்னத்திடம் பணியாற்றிய சுதா கொங்கராவைப் போல வெளியே வந்தவர்கள் சிலரே. தனியார் பயிற்சிப் பள்ளிகள் பெருகியிருந்தாலும் கட்டணம் பலருக்கு எட்டாதது. பொருளாதாரத்திலும் சமூகத்திலும் பின்தங்கிய மாணவர்களுக்குக் கட்டணமின்றிப் பயிற்சி தர வெற்றிமாறன் தொடங்கிய பன்னாட்டுத் திரை பண்பாட்டு ஆய்வகம் இதற்கு ஒரு மாற்று. ஆனால் ஓர் ஆய்வகத்தால் தீரும் குறை அல்ல இது. உதவி இயக்குநருக்கு மாதந்தோறும் உரிய சம்பளம் தருவதைத் தயாரிப்பாளர்கள் படச்செலவின் கட்டாயப் பகுதியாக்க வேண்டும்.