காத்திருப்பும் எதிர்நோக்கும்

'எஸ்பெரார்' என்ற ஸ்பானிய வினைச்சொல் காத்திருத்தல், எதிர்பார்த்தல், நம்பியிருத்தல் ஆகிய மூன்றையும் குறிக்கும். சிதம்பரத்தில் நிற்பவர் 'எஸ்பெரோ எல் அவுத்தோபூஸ்' என்றால், பேருந்துக்காகக் காத்திருக்கிறார். 'எஸ்பெரோ கே பெங்கா' என்றால், அது வரும் என நம்பியிருக்கிறார். 'நோ லோ எஸ்பெராபா' என்றால், 'அதை நான் எதிர்பார்க்கவில்லை' என்று பொருள்.

2004 டிசம்பர் 26 அன்று கடலூர்க் கடற்கரை மக்கள் ஆழிப்பேரலையை எதிர்பார்க்கவில்லை. பின்னர் காணாமற்போனோருக்காகக் காத்திருந்தார்கள். வருவார்கள் என்றும் நம்பியிருந்தார்கள். அவர்களது நிலையைச் சொல்ல அந்த ஒரே வினைச்சொல் போதும்.

தமிழில் இவற்றுக்குத் தனித்தனிச் சொற்கள் உண்டு. ஸ்பானியத்தைத் தாய்மொழியாகக் கொண்ட திருத்தந்தை பிரான்சிஸ், 2025 யூபிலி ஆண்டுக்கு 'எதிர்நோக்கை' மையக்கருத்தாக்கினார். எதிர்நோக்கு இல்லாத காத்திருப்பு வெறும் சோர்வே. ஆகவே, காத்திருப்போர் அருகில் சற்று அமர்வோம்.