மல்லாட்டையும் மார்சேயும்: தென்னார்க்காட்டு வணிக ஆதாயம் யாரிடம் தங்கியது?

சங்கராபுரம் வட்டாரத்தில் நிலக்கடலைக்குப் பேச்சு வழக்கில் மல்லாட்டை என்று பெயர். மணிலாக்கொட்டை என்பதன் மரூஉ அது. கடல் கடந்து வந்த பயிர் என்ற செய்தி பெயரிலேயே இருக்கிறது. சங்கராபுரம் அடங்கிய பழைய தென்னார்க்காடு மாவட்டத்தில் இப்பயிர் கண்ட ஏற்ற இறக்கத்தை ஒப்பீட்டுச் செலவு நன்மைக் கோட்பாட்டின் வழியே இக்கட்டுரை ஆராய்கிறது. வணிகத்தால் ஒரு நாட்டுக்குக் கிடைக்கும் ஆதாயம் உழவரிடம் எவ்வளவு வந்து சேரும் என்பதைச் சுங்கம், கடன், நிலத்தின் இயல்பு ஆகிய மூன்றுமே முடிவு செய்தன என்பது இதன் வாதம்.

கோட்பாடு

இக்கோட்பாட்டை விளக்கப் பொருளியலறிஞர் டேவிட் ரிக்கார்டோ 1817-இல் ஒரு கணக்குக் காட்டினார். குறிப்பிட்ட அளவு துணிக்கு இங்கிலாந்தில் 100 பேரின் ஓராண்டு உழைப்பு வேண்டும். திராட்சை மதுவுக்கு 120 பேர். போர்ச்சுகலில் முறையே 90, 80. இரண்டிலும் போர்ச்சுகலுக்கே செலவு குறைவு. இருந்தும் அது மதுவை மட்டும் செய்து துணியை விலைக்கு வாங்கினால் இரு நாட்டுக்கும் உழைப்பு மிச்சமாகும். தறியை விட்டவர் தடையின்றித் தோட்டத்துக்குப் போய்விடுவார் என்ற அனுமானம் இக்கணக்கின் அடியில் இருக்கிறது.

ஏற்றுமதிக் காலம்

19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் பிரான்சின் மார்சேய் நகர எண்ணெய், சோப்பு ஆலைகள் வித்துக்கு அலைந்தன. மானாவாரிச் செம்மண்ணில் ஆடிப்பட்டத்தில் விதைத்த மல்லாட்டை புதுச்சேரித் துறைமுகம் வழியே அங்கே போனது. 1879-இல் திறந்த விழுப்புரம்–புதுச்சேரி ரயில் பாதை அந்த வழியைச் சுருக்கியது. பிரான்ஸ் தன் ஆலைகளுக்காக எண்ணெய் வித்தை வரியின்றி உள்ளே விட்டது. அதனால் இங்கிருந்து கப்பலேறியது வித்துதான். பிழியும் கூலியும் பிண்ணாக்கும் மார்சேயில் தங்கின. ஊர்ச் செக்குகள் இந்தப் பெருவணிகத்துக்கு வெளியே நின்றன.

1890-களில் பழைய வித்து நலிந்து விளைச்சல் விழுந்தது. வெளிநாட்டுப் புதுவித்து வந்த பிறகே பயிர் தலையெடுத்தது. 1914-இல் போர் மூண்டு கப்பல்கள் நின்றதும் விலை இறங்கியது. 1929-இல் தொடங்கிய உலகப் பெருமந்தத்தில் மீண்டும் சரிந்தது. உழவரிடம் அரசு நேரே வாங்கிய ரயத்துவாரித் தீர்வையோ பணத்தில் வகுத்தது. விலையோடு சேர்ந்து இறங்கவில்லை. மகசூலின் பேரில் முன்பணம் வாங்கியிருந்தவர், விலை ஏறும் வரை காத்திருக்க வழியின்றி விற்றார். வணிகப் பயிர்களின் சந்தையை ஒழுங்குபடுத்தும் சென்னை மாகாணச் சட்டம் 1933-இல் வந்தது. இன்றைய ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்கள் அதன் வழி வந்தவை.

இறக்குமதிக் காலம்

ஒரு நூற்றாண்டு கழித்துக் காற்று திசை மாறியது. 1986-இல் எண்ணெய் வித்துத் தொழில்நுட்ப இயக்கம் தொடங்கி உள்நாட்டு உற்பத்தி பெருகியது. 1994-இல் பாமாயில் இறக்குமதி தாராளமானது. அப்போது 65 விழுக்காடாக இருந்த வரி 1998-இல் 15 ஆனது. 2008-இல் கச்சாப் பாமாயிலுக்கு வரியே இல்லை. ஒரு ஹெக்டேர் எண்ணெய்ப்பனை தரும் எண்ணெய் நிலக்கடலை தருவதைப் போலப் பல மடங்கு. ஒப்பீட்டு நன்மை மலேசியா, இந்தோனேசியா பக்கம் இருப்பதை மறுக்க இயலாது.

தமிழ்நாட்டு ரேஷன் கடைகளில் 2007 முதல் பாமாயில் கிடைக்கிறது. கூலிக்குக் களையெடுக்கும் பெண்ணின் அடுப்புக்கு அது பெரிய உதவி. அவரே சொந்தமாக அரைக் காணியில் மல்லாட்டை போட்டவரானால், மலிவான பாமாயில் மல்லாட்டை விலையை அழுத்துவதால் அடுப்படியில் வந்த ஆதாயம் களத்துமேட்டில் கழிந்துபோகும். மாற்றுப் பயிரும் எல்லோருக்கும் எட்டுவதில்லை. கிணற்றில் தண்ணீர் உள்ளவர் கரும்பு நட்டு மூங்கில்துறைப்பட்டுக் கூட்டுறவு ஆலைக்கு அனுப்பலாம். வானம் பார்த்த காட்டுக்காரருக்கு அது முடியாது. ரிக்கார்டோவின் அனுமானம் உடையும் இடம் இந்தத் தண்ணீர்தான்.

முடிவுரை

இரு காலங்களிலும் வணிகம் மொத்தச் செல்வத்தைக் கூட்டியது. விலைச்சரிவின் பாரத்தை மட்டும் மானாவாரி உழவர் தனியே சுமந்தார். அதற்காக இறக்குமதிக் கதவை அடைத்தால் ஏழை வீட்டு எண்ணெய்ச் செலவுதான் ஏறும். எண்ணெய் இறக்குமதி வரியில் ஒரு பங்கு நல்ல வித்தாகவும், விலை வரும்வரை இருப்பு வைக்கக் கிடங்காகவும், ஊரிலேயே ஆட்ட எண்ணெய் ஆலையாகவும் மல்லாட்டைக் காடுகளுக்குத் திரும்ப வேண்டும். மார்சேயில் தங்கிய பிழிகூலி அப்போதாவது சங்கராபுரத்தில் தங்கும்.