சோட்டா நாகபுரி மலைக்குடிகளும் லுத்தரன் திருச்சபையும்

கிறித்தவ சமயம் கீழ்த்திசையிற் பரவிய வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் பாதிரிமாரின் கடிதங்களையும் ஆண்டறிக்கைகளையுமே ஆதாரமாகக் கொண்டனர். அவ்வேடுகளிலே பேசுவோர் வந்தவர்; கேட்போர் அங்கிருந்தவர். அங்கிருந்தவர் யாது கருதிக் கேட்டனர், கேட்டபின் யாது செய்தனர் என்னும் வினாக்கள் அவற்றுள் அருகியே எழுகின்றன. இவ்வினாக்களை எழுப்பி ஆராய்தற்குச் சோட்டா நாகபுரி மலைக்குடிகளின் லுத்தரன் திருச்சபையினும் தக்கதோர் எடுத்துக்காட்டுக் கிடைத்தல் அரிது.

லுத்தரன் என்னும் பெயர் தமிழர்க்குப் புதிதன்று. 1706ஆம் ஆண்டிலே தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்குவும், 1715 அளவில் அங்கே அச்சேறிய தமிழ்ப் புதிய ஏற்பாடும் நம் அச்சுக்கலை வரலாற்றில் நிலையான இடம் பெற்றவை. ஆயின், தரங்கம்பாடிப் பாதிரிமார் சந்தித்த மக்கள் நெடுங்காலமாக எழுத்தும் இலக்கியமும் உடையோர். ஒன்றரை நூற்றாண்டு கழித்து வட இந்திய மலைநாட்டிலே அதே சமயப் பிரிவினர் சந்தித்த மக்களோ, தம் மொழியை எழுத்தில் வரைந்தறியாதவர். இவ்விரு சபைகளும் 1919ஆம் ஆண்டிலே ஒரே காரணத்தால் ஒரே வாயிலில் வந்து நின்றன. அதனைப் பின்னர்க் காண்போம்.

சோட்டா நாகபுரி என்பது இன்றைய ஜார்க்கண்ட் மாநிலத்தின் பெரும்பகுதியாகிய மேட்டுநிலம். அதன் நடுவே ராஞ்சி நகர் உள்ளது. அந்நாட்டின் தொல்குடிகளுள் முண்டரும் ஒராவோனரும் தலையாயவர். முண்டரின் மொழி ஆசுத்திரோ-ஆசிய இனத்தைச் சார்ந்தது. ஒராவோனர் பேசும் குரூக் மொழியோ திராவிட இனத்தது. எனவே தமிழுக்கு உறவு மொழி. தன்மை ஒருமையை அம்மக்கள் 'ஏன்' என்பர். முன்னிலையை 'நீன்' என்பர். கண், பல் என்னும் சொற்களைச் சிறிது ஒலி வேற்றுமையுடன் நாம் கூறுமாறே கூறுவர். எண்ணுப் பெயர்களுள் முதல் நான்கும் திராவிடம். ஐந்து முதலாயின அயல் ஆரிய மொழியினின்று கடன்கொண்டவை. கங்கைக்குத் தெற்கே, நமக்கு ஆயிரம் மைலுக்கப்பால், முன்பின் அறியாத ஒரு மலைவாணன் தன்னைச் சுட்டி 'ஏன்' என்று தொடங்குதலைக் கேட்கும் தமிழ் மாணவன் வியப்புறாதிருத்தல் இயலாது.

அவர்தம் நிலமுறையை அறியாமல் அச்சபையின் வரலாற்றை அறிதல் இயலாது. முண்டர் ஊர்களிலே காட்டை முதன்முதல் வெட்டித் திருத்திய குடும்பத்தின் வழித்தோன்றல்களுக்கே அவ்வூர் நிலம் முழுதும் பொதுவில் உரியது. இதனைக் 'குந்த்கட்டி' என்பர். ஒராவோனரிடையும் இதனையொத்த 'புயின்ஹரி' உரிமை இருந்தது. உறுதி எழுதும் வழக்கம் இல்லாமையால், ஊரெல்லையில் முன்னோரைப் புதைத்த இடத்தில் இட்ட கற்களையே முண்டர் தம் உறுதியாகக் காட்டினர். வற்றாப்பளை முதலிய வன்னியூர்களில் வாழ்வோர்க்கு இம்முறைமையை விரித்துரைத்தல் வேண்டா. காடு வெட்டிக் குளம் திருத்தி வயல் கண்ட குடிக்கே அவ்வயல் உரியது என்னும் எண்ணம் நம் நாட்டிலும் வேரூன்றியதே. நடுகல்லை வணங்கிய மரபினர்க்குக் கல்லே சாட்சி என்பதும் விளங்காத கருத்தன்று.

இவ்வுரிமை படிப்படியாகப் பறிபோயிற்று. நாகவம்சத்து அரசர் தம் உறவினர்க்கும் ஏவலர்க்கும் வெளியூர் வணிகர்க்கும் ஊர்களைக் கொடுத்தனர். கொண்டோர் குடிகளிடம் வாரமும் வரியும் வாங்கியதோடு கூலியின்றி வேலையும் வாங்கினர். கோல்புறூக் குழுவினரின் விதப்புரையால் இலங்கையில் ஒழிந்த இராசகாரியத்தை ஒத்தது அது. ஆயின் அங்கே அதனை வாங்கியவன் அரசன் அல்லன், அயலூர்க் குத்தகைக்காரன். ஆங்கிலேயரின் நீதிமன்றம் எழுத்திலுள்ள பத்திரத்தை நம்பியதேயன்றிக் கல்லை நம்பவில்லை. 1831-32இல் எழுந்த பெருங்கிளர்ச்சி படைபலத்தால் அடக்கப்பட்டது.

அக்கிளர்ச்சி அடங்கிப் பதின்மூன்றாண்டுகளின் பின், 1845 நவம்பர் 2ஆந் தேதி, நான்கு ஜேர்மானிய இளைஞர் ராஞ்சியை அடைந்தனர். அவரை அனுப்பியவர் பெர்லின் நகரத்து யோகன்னஸ் கொஸ்னர். கத்தோலிக்க குருவாயிருந்து 1826இல் லுத்தரன் சபையைச் சேர்ந்த அவர், 1836இல் தம் மிஷனைத் தொடங்கினார். பெரும் படிப்பாளிகளை விடுத்துக் கைத்தொழில் அறிந்த எளியோரையே அவர் விரும்பி அனுப்பினார். ஷாட்ஸ், பாட்ஷ், பிராண்ட், யாங்கே என்னும் அந்நால்வரும் கல்கத்தாவில் இறங்கியபோது அவருள்ளத்தில் இருந்தது வேறு நாடு. கல்கத்தாத் தெருக்களிலே கூலிவேலை செய்த மலைநாட்டாரைக் கண்டு, இவர் எவ்வூரினர் என வினவி, அதன்பின்னரே சோட்டா நாகபுரிக்குத் திரும்பினர் என்பர். ஆகவே இச்சபையின் வரலாறு ராஞ்சியில் தொடங்கவில்லை. நிலம் இழந்து பட்டினம் புகுந்த கூலியாளரிடத்தே தொடங்கியது என்று கூறுதலே பொருத்தமாகும்.

முதல் ஐந்தாண்டும் பெரும்பயன் விளைந்திலது. 1850 ஜூன் 9ஆந் தேதி ஒராவோனர் நால்வர் திருமுழுக்குப் பெற்றனர். அந்நால்வரும் முன்னரே கபீர்தாசரின் நெறியைப் பின்பற்றியோர் என்பது கருதத்தக்கது. பாதிரிமார் வருமுன்பே வேறொரு வழியை நாடித் தேடியவர் அவர். வெறும் வயலிலே விதை விழுந்தது என்னும் மிஷன் வரலாற்றாரின் உவமை இவ்விடத்திற் பொருந்தாது. அடுத்த ஆண்டில் முண்டரும் சேர்ந்தனர். 1851இல் அடிக்கல் நாட்டிய ராஞ்சிக் கிறித்து ஆலயம் 1855இல் அர்ப்பணிக்கப்பட்டது. அக்காலத்துச் சபையார் சில நூற்றுவரே. ஆலயமோ ஆயிரவரைக் கருதிக் கட்டியதுபோற் பெரியது.

1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சியில் ராஞ்சியிலிருந்த படையினர் எழுந்தனர். பாதிரிமார் கல்கத்தாவுக்கு ஓடினர். ஆலயத்தின்மீது பீரங்கி முழங்கிற்று. சமீன்தார்களின் ஆட்கள் கிறித்தவக் குடிகளின் வீடுகளைக் கொள்ளையிட, அவர் காடுகளில் ஒளிந்து உயிர் பிழைத்தனர். இதனாற் சபை அழிந்தொழியும் என்று எதிர்பார்த்தல் இயல்பு. நிகழ்ந்ததோ மாறானது. அமைதி மீண்டபின் ஆயிரக்கணக்கானோர் சபையை நாடினர். எவரைச் சமீன்தார் பகைத்தாரோ அவர் பக்கத்திலே தம் நிலத்துக்குப் பாதுகாப்பு உண்டு என மலைக்குடிகள் கணித்தனர். பாதிரியார் எழுதப் படிக்கத் தெரிந்தவர். நீதிபதியின் மொழியைப் பேசுபவர். மனு எழுதித் தருபவர். இக்கணிப்பை உலகியல் ஆசை என்று இகழ்ந்தோர் உளர். சோறும் நிலமும் வேண்டிச் சமயம் மாறினர் என்னும் இவ்விகழ்ச்சியை நம் நாட்டிலும் கேட்டிருக்கிறோம். முன்னோரைப் புதைத்த மண்ணிலிருந்து ஒருவனைப் பெயர்த்தால் அவன் வழிபாடும் உடன் பெயரும் என்ற நிலையில் வாழ்ந்த மக்களுக்கு நிலம் வேறு, சமயம் வேறு எனப் பிரித்தல் கூடுமா என்பதை இகழ்வோர் எண்ணிப் பார்த்திலர்.

1858இல் கொஸ்னர் இறந்தபின் பெர்லின் ஆட்சிக் குழுவினர்க்கும் முதிய பாதிரிமார்க்கும் இடையே பிணக்கு மூண்டது. 1869இல் பாட்ஷ் முதலாயினோர் சபையாருள் ஒரு பகுதியினருடன் ஆங்கிலிக்கன் சபையைச் சேர்ந்தனர். இப்பிளவில் மலைக்குடிகளின் விருப்பம் கேட்கப்படவில்லை என்பதன்றி இதனைப் பற்றி விரித்தற்கு அதிகம் இல்லை.

அதே 1869ஆம் ஆண்டிலே புயின்ஹரி நிலங்களை அளந்து பதிவதற்குச் சட்டமொன்று பிறந்தது. பதிவு பத்தாண்டுக்கு மேல் நடந்தது. எனினும் முண்டரின் ஊர்ப்பொது உரிமைக்கு அதில் இடமில்லை. அதிருப்தியுற்ற 'சர்தார்' எனப்படும் தலைவர்கள் மனுமேல் மனு எழுதினர். அவருட் பெரும்பாலார் மிஷன் பள்ளியிலே எழுத்தறிந்த கிறித்தவர். தாம் கற்பித்த எழுத்து இவ்வாறு பயன்படும் எனப் பாதிரிமார் எண்ணியிரார். அரசாங்கத்தின் கோபத்துக்கு அஞ்சி அவர் சர்தார்களைக் கைவிட்டபோது, சர்தார்களும் அவரைக் கைவிட்டனர். 1885இல் வந்த லீவன்ஸ் என்னும் பெல்ஜிய இயேசு சபைக் குரு, குடிகளின் நிலவழக்குகளை முன்னின்று நடத்த, லுத்தரன் சபையாருட் பலர் உள்ளிட்ட பல்லாயிரவர் கத்தோலிக்கராயினர். மக்கள் எதைத் தேடினர் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா.

இந்நிலையிலேயே பிர்சா முண்டா தோன்றினார். 1875இற் பிறந்த அவரது குடும்பத்தார் லுத்தரன் சபையைச் சேர்ந்தவர். அவருக்குத் தாவீது என்னும் பெயரும் இடப்பட்டிருந்தது. 1886 முதல் 1890 வரை சாய்பாசாவிலுள்ள ஜேர்மன் மிஷன் பள்ளியிற் பயின்றார். சர்தார்களைப் பாதிரியார் ஏமாற்றுக்காரர் எனப் பழித்ததைப் பொறாது அவரை எதிர்த்துப் பள்ளியை விட்டு நீங்கினார் என்பர். அதிகாரியாயினும் பாதிரியாராயினும் வெள்ளையர் அனைவரும் ஒரே தொப்பி அணிந்தவரே என்னும் கருத்து அக்காலத்து மலைநாடெங்கும் பரவியிருந்தது. பிர்சா தம் மக்களுக்குப் புதியதொரு வழிபாட்டு நெறியை வகுத்தார். ஒரே கடவுள், தூய ஒழுக்கம், பலி விலக்கு என்னும் அந்நெறியிலே மிஷன் பள்ளியின் சாயலும் வைணவத்தின் சாயலும் கலந்து காணப்படுகின்றன. மிஷன் பாடசாலையிற் கற்ற கல்வியைக் கொண்டே 1848இல் வண்ணார்பண்ணையிற் சைவப் பாடசாலை நிறுவிய ஆறுமுக நாவலர் இவ்விடத்து நினைவுக்கு வருவார். ஆனால் நாவலருக்குப் பின்னே ஆகமமும் திருமுறையும் இருந்தன. பிர்சாவுக்குப் பின்னே காடும் கல்லும் இருந்தன. 1899 மார்கழித் திங்களில், கிறித்து பிறப்பு விழாவின் முன்னிரவில், அவர்தம் அடியார் மிஷன் நிலையங்களின்மீதும் அம்பு தொடுத்தனர். அடுத்த மாதம் டோம்பாரி மலையிலே துப்பாக்கிகள் அவர்களை அடக்கின. பிர்சா 1900 ஜூன் 9ஆந் தேதி ராஞ்சிச் சிறையில் இறந்தார். ஒராவோனர் நால்வர் முதன்முதல் திருமுழுக்குப் பெற்ற நாளிலிருந்து அன்றைக்குச் சரியாக ஐம்பதாண்டு. 1908ஆம் ஆண்டின் குடிவாரச் சட்டம் குந்த்கட்டி உரிமையை ஏற்று, மலைக்குடிகளின் நிலம் பிறர் கைக்கு மாறுவதையும் கட்டுப்படுத்திற்று. மனுவாலும் மன்றாட்டாலும் கிடையாதது கிளர்ச்சியின் பின்னர்க் கிடைத்தது.

பாதிரிமார் மொழிக்குச் செய்த தொண்டையும் கூறாது விடுதல் நடுநிலையாகாது. நொத்ரொட் பாதிரியார் 1882இல் முண்டாரி இலக்கணம் வெளியிட்டார். 1910இல் விவிலியம் முழுவதும் அம்மொழியில் வெளிவந்தது. ஹான் பாதிரியாரின் குரூக் இலக்கணம் 1900இல் அச்சாயிற்று. 1872இல் தொடங்கிய 'கர்பந்து' என்னும் சபைப் பத்திரிகை இந்தி மொழியில் வெளிவந்தது. இதில் ஒரு முரண் உண்டு. பாதிரிமார் தாய்மொழிக்கு இலக்கணம் எழுதினர். சபையும் பள்ளியும் இந்தியிலேயே நடந்தன.

1914இல் மூண்ட உலகப் போர் எவரும் எதிர்பாராத விளைவைத் தந்தது. ஜேர்மானியர் பகைநாட்டாராயினமையின் 1915இற் பாதிரிமார் காவலில் வைக்கப்பட்டுப் பின்னர் நாட்டினின்றும் அகற்றப்பட்டனர். ஆலயங்களும் பள்ளிகளும் மேய்ப்பரின்றி நின்றன. ஆங்கிலிக்கன் அத்தியட்சர் சிலகாலம் மேற்பார்வை செய்தார். அச்சபையோடு இணைந்துவிடலாம் என்னும் யோசனையும் எழுந்தது. சபையார் அதனை ஏற்றிலர். 1919 ஜூலை 10ஆந் தேதி ராஞ்சியிலே தம் சபை தன்னாட்சியுடையது எனச் சாற்றினர். ஹனுக் தத்த லக்ரா என்னும் ஒராவோன் குருவானவர் முதல் தலைவரானார்.

தமிழ்நாட்டின் லுத்தரன் சபையும் அதே போரால் ஜேர்மானியரை இழந்து, அதே 1919ஆம் ஆண்டு ஜனவரித் திங்களிலே தனிச்சபையாயிற்று. ஆயின் 1921இல் தரங்கம்பாடி அத்தியட்சராய் அமர்ந்த ஹியூமன் சுவீடன் நாட்டவர். தமிழர் ஒருவர், மாணிக்கம் என்பார், அப்பீடத்தில் ஏறியது 1956ஆம் ஆண்டிலேயாம். இருநூறாண்டுக்கு மேற்பட்ட கல்விப் பெருமை வாய்ந்த தமிழ்ச்சபைக்கு வாயாதது, எழுத்தறிந்து எழுபதாண்டும் நிரம்பாத மலைக்குடிகளுக்கு வாய்த்ததேன்? தமிழகத்தில் ஜேர்மானியர் விட்ட இடத்தில் நிற்பதற்குச் சுவீடன் மிஷன் அருகிலேயே இருந்தது என்பது ஒரு காரணம். மற்றொரு காரணம், என் கருத்தில், சர்தார்களின் காலத்தினது. மனு எழுதியும் கூட்டம் கூடியும் பணம் திரட்டியும் ஒரு தலைமுறைக்கு மேல் பயின்ற மக்களுக்குச் சபைக் கூட்டம் நடத்துதல் புதிய வித்தையன்று. பாதிரிமார் வெறுத்த அப்போராட்டமே பாதிரிமார் இல்லாத சபைக்குப் பயிற்சிக்களமாயிற்று. போருக்குப் பின்னர் ஜேர்மானியர் மீண்டு வந்தபோது அவர் உதவியாளராகவே வந்தனர்.

இதற்கிடையே மலைக்குடிகள் தம் மலையிலேயே நின்றாரல்லர். கண்டி நாட்டுத் தோட்டங்களுக்குத் தமிழர் எவ்வாறு சென்றனரோ அவ்வாறே ராஞ்சிப் பக்கத்தார் அசாமின் தேயிலைத் தோட்டங்களுக்கும், 1918க்குப் பின் அந்தமான் காடுகளுக்கும் சென்றனர். சபையும் அவரைத் தொடர்ந்து சென்றது. முன்னாளில் முண்டரையும் ஒராவோனரையும் ஒன்றாகப் பிணைத்த சபைக்குள்ளே பின்னாளில் இவ்விரு குடிகளுக்கும் பிணக்கு முதிர, 1977இல் ஒராவோனர் பெரும்பான்மையராயுள்ள வடமேற்குப் பகுதி தனிச்சபையாயிற்று. அதன் அத்தியட்சராய் விளங்கிய நிர்மல் மின்ஸ் குரூக் மொழி வளர்ச்சிக்கு உழைத்தவர். அம்மொழித் தொண்டுக்காக 2016ஆம் ஆண்டுக்குரிய சாகித்திய அக்காதெமியின் பாஷா சம்மான் விருதைப் பெற்று, 2021இல் மறைந்தார். ஜார்க்கண்ட் தனி மாநிலமாக அமைந்தது 2000 நவம்பர் 15ஆந் தேதி. அந்நாளைத் தேர்ந்தமைக்குக் காரணம், அது சாய்பாசாப் பள்ளியை விட்டு நீங்கிய அந்த மாணவரின் பிறந்தநாள் என்பதே.