குளிர்ப்பெட்டியின் கசிவு

1920-களின் மின்சாரக் குளிர்ப்பெட்டிகள் பலவற்றில் மோட்டார் தனி, கம்ப்ரஸர் தனி. கம்ப்ரஸருள் சுழல்தண்டு நுழையுமிடத்தில் அடைப்புத் தேய்ந்து நச்சுவாயு கசியும். கந்தக டையாக்ஸைடாயின் அதன் நெடியே வீட்டாரை எழுப்பிவிடும். மெதில் குளோரைடின் மணமோ மிக மெல்லியது, உறங்குவோர் அறியார்! இக்கேட்டை ஒழிக்கவே ஐன்ஸ்டீனும் ஸிலார்டும் அசையும் உறுப்பற்ற பெட்டியொன்றை வகுத்து, 1930-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றனர். அது விற்பனைக்கு வரவேயில்லை.

நடைமுறையில் வென்றது வேறு வழி. 1927-இல் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியார் மோட்டாரையும் கம்ப்ரஸரையும் ஒரே எஃகுக் கூட்டில் அடைத்து மூடி, பெட்டியின் தலைமேல் அமர்த்தினர். தண்டு வெளிவராமையால் அவ்வழிக் கசிவுக்கு இடமில்லை. பழுதுபார்ப்பவரின் கையும் அன்றே கட்டுண்டது என்பேன். முன்பு தேய்ந்த அடைப்பை மட்டும் மாற்றியவர், இனி முழு இயந்திரத்தையும் தூக்கியெடுத்து வேறொன்றை வைக்கலானார்.