மூலக்கூறு இயக்கவியல் உருவகப்படுத்தல்

அணுக்கள், மூலக்கூறுகளின் நகர்வைக் கணினியில் உருவகப்படுத்தி ஆராயும் முறை. அணுக்களுக்கு இடையிலான விசைகளைக் கணக்கிட்டு, நியூட்டனின் இயக்க விதிகளின்படி ஒவ்வோர் அணுவின் அடுத்த இருப்பிடமும் படிப்படியாகக் கண்டறியப்படும். ஒரு படியின் கால அளவு ஏறத்தாழ ஒரு ஃபெம்டோ நொடி. ஒரு நொடியில் 100 கோடியின் 10 லட்சம் மடங்கு ஃபெம்டோ நொடிகள் உள்ளன.

1957-இல் ஆய்வாளர்கள் ஆல்டர், வெயின்ரைட் இருவரும் துகள்களைக் கடினக் கோளங்களாகக் கொண்டு இம்முறையைத் தொடங்கினர். ஐதராபாத்தில் பிறந்த அனீசுர் ரகுமான், 1964-இல் 864 ஆர்கான் அணுக்களைக் கொண்டு திரவ நிலையை உருவகப்படுத்தினார். 1977-இல் முதன்முதலாக ஒரு புரதத்தின் அசைவு, 10 பிக்கோ நொடிக்கும் குறைவான காலத்துக்குக் கணக்கிடப்பட்டது. இம்முறைக்கெனவே வடிவமைக்கப்பட்ட 'ஆன்டன்' கணினி, 2010-இல் அக்கால அளவை ஒரு மில்லி நொடியாக நீட்டியது.

மருந்து வடிவமைப்பிலும் பொருளறிவியலிலும் பயன்படும் இம்முறையின் துல்லியம், அதில் கொள்ளப்படும் விசைச் சமன்பாடுகளைப் பொறுத்தது.