விடுபட்டதை அறிவிக்கும் குறிகள்

மேற்கோளின் நடுவே மூன்று புள்ளிகளைக் கண்டால், அங்கே சில சொற்கள் விடப்பட்டுள்ளன என்று உணர்ந்துகொள்கிறோம். அரபு அச்சுலகில் இப்புள்ளிகள் பிற்காலத்தவை. எகிப்து நாட்டு அஹ்மத் ஸகீ பாஷா 1912இல் வெளியிட்ட ‘அத்தர்கீம்’ என்னும் சிறுநூலே ஐரோப்பிய நிறுத்தக்குறிகளை அரபு மொழிக்கேற்ப ஒழுங்குபடுத்தித் தந்தது. அவற்றுள் விடுபாட்டுப் புள்ளிகளும் இடம்பெற்றன. ஆயினும் விடுபாட்டை வாசகனுக்கு அறிவிக்கும் வழக்கம் அதற்குப் பல நூற்றாண்டுகள் மூத்தது. அதைப் பேணி வளர்த்தவர்கள் ஹதீஸ் கலை அறிஞர்கள்.

டமாஸ்கஸ் நகரின் அஷ்ரஃபிய்யா தாருல் ஹதீஸில் பாடம் நடத்திய இமாம் இப்னுஸ் ஸலாஹ் (ரஹ்) அவர்கள் (மறைவு ஹிஜ்ரி 643 / கி.பி. 1245) தம் ‘முகத்திமா’வின் 25ஆம் பிரிவில் இக்குறிகளை விரிவாகப் பேசுகிறார்கள். படியெடுத்த பிரதியை மூலத்தோடு ஒப்பிடும்போது ஒரு சொல்லோ தொடரோ விடுபட்டிருப்பது தெரிந்தால், அதை வரிகளுக்கிடையே திணிக்கலாகாது. விடுபட்ட இடத்திலிருந்து மேல்நோக்கி ஒரு கோடிட்டு, அதை ஓரத்தை நோக்கிச் சற்றே வளைக்க வேண்டும். அதற்கு நேராக ஓரத்தில் விடுபட்டதை எழுதி, இறுதியில் ‘ஸஹ்ஹ’ (சரி) என்று முடிக்க வேண்டும். இவ்வாறு சேர்ப்பது ‘லஹக்’ எனப்படும். வலப்புற ஓரமே ஏற்றது. அதே வரியில் பின்னர் இன்னொரு விடுபாடு தென்பட்டால் அதற்கு இடப்புறம் மிஞ்சும். எழுத்து மேல்நோக்கிச் செல்ல வேண்டும். கீழ்வரிகளின் விடுபாடுகளுக்கும் இடம் வேண்டுமல்லவா?

சிலர் ‘லஹக்’கின் முடிவில், நூலினுள் அடுத்து வரும் சொல்லையும் சேர்த்தெழுதினர். நான்காம் ஹிஜ்ரி நூற்றாண்டின் ராமஹுர்முஸீ (ரஹ்) அவர்களின் தேர்வும் அதுவே. இப்னுஸ் ஸலாஹ் அதை விரும்பவில்லை. மூலத்திலேயே ஒரு சொல் இருமுறை வருவதுண்டு. பின்னால் வருபவர் எதை மூலம் எனக் கொள்வார்?

இவற்றினும் நுட்பமானது ‘ளப்பா’. அறிவிப்பின்படி சரியாகவே வந்திருந்தும் பொருளில் அல்லது மொழியில் குறையுடையதாகவோ, ஏதோ விடுபட்டதாகவோ தோன்றும் சொல்லின் மீது, அதைத் தொடாமல், ‘ஸாத்’ எழுத்தின் தலையை மட்டும் நீட்டி வரைவார்கள். தொட்டுவிட்டால் அடித்தல் என எண்ணப்படும். ‘ஸஹ்ஹ’ என்பதன் பாதிதான் இது. குறையுள்ள இடத்துக்குக் குறையுள்ள சொல்! அறிவிப்பாளர் வரிசையில் ஒருவர் விடுபட்டிருந்தால் அந்த இடைவெளியின் மீதும் ‘ளப்பா’ இடுவது அவர்களது வழக்கம். விடுபட்டவர் இன்னார்தாம் என்று ஊகிக்க முடிந்தாலும் அவர் பெயரைத் தாமாக இட்டு நிரப்பவில்லை. பிறகு வருபவருக்கு அதில் ஒரு நியாயம் புலப்படலாம் என்றே சொல்லை இருந்தபடியே விட்டார்கள். உடைந்த பாத்திரத்தின் விரிசலில் பொருத்தும் தகட்டுக்கும் ‘ளப்பா’ என்றே பெயர் என்பதை இப்னுஸ் ஸலாஹ் நினைவூட்டுகிறார்கள்.

வேண்டுமென்றே சுருக்கும்போது ‘அல்ஹதீஸ்’, ‘அல்ஆயத்’ போன்ற சொற்களே குறிகளாயின. நம் மதரஸா மாணவர்கள் ‘அலிஃப், லாம், கா’ என்னும் மூன்றெழுத்தைக் கண்டதும் ‘இலா ஆகிரிஹி’ என்று முழுமையாக வாசிக்கப் பழகுவதும் இதனாலேயே. சொல்லப்பட்டதோடு பிணைந்து பொருளை மாற்றிவிடக்கூடிய பகுதியை விடலாகாது என்பது சுருக்குவதற்கு இட்ட நிபந்தனை. அன்னிஸா அத்தியாயத்தின் 43ஆம் வசனத்தில் போதை பற்றிய தொடரை விட்டுவிட்டால் தொழுகையே தடுக்கப்பட்டதாகிவிடும். இன்று தமிழில் வரும் பிரசுரங்கள் சிலவற்றில் நபிமொழியின் பாதி, எப்புள்ளியுமின்றி, முழுமைபோல் அச்சாவதைக் காண்கிறோம். எழுத்தாணி பிடித்தவர்கள் காட்டிய கவனத்தைக் கணினியில் எழுதும் நாம் காட்டலாகாதா?

விட்டதைத் திரும்பச் சேர்ப்பதிலும் அதே கண்டிப்பு. ஆசிரியர் அறிவிப்பாளர் வரிசையையும் ஹதீஸின் தொடக்கத்தையும் மட்டும் கூறி, ‘ஹதீஸை முழுமையாகக் கூறினார்’ என்று முடித்தால், கேட்ட மாணவர் அதை முழுமையாக அறிவிக்கலாமா? அபூ இஸ்ஹாக் இஸ்ஃபராயீனீ (ரஹ்) கூடாது என்றார்கள். இருவருக்கும் அந்த ஹதீஸ் தெரிந்திருந்தால் கூடும் என்று நம்பலாம் என்பது அபூபக்ர் இஸ்மாயீலீ (ரஹ்) அவர்களின் கருத்து. இப்னுஸ் ஸலாஹ் காட்டும் வழி வேறு. ஆசிரியர் சொன்னதை, ‘முழுமையாகக் கூறினார்’ என்பது உட்பட, அப்படியே சொல்ல வேண்டும். அதன் பிறகே, அந்த முழு ஹதீஸ் இதுவென்று தனியே எடுத்துரைக்க வேண்டும்.